முன்னாள் தலைமை நிர்வாகியும் இயக்குநர் சபையும்

ஒரு கம்பெனியின் தலைமை நிர்வாகியாகப் பல்லாண்டு பொறுப்பு வகித்தவர், அப்பதவியைப் பின்வந்தவரிடம் ஒப்படைத்த பிறகும், அதே கம்பெனியின் இயக்குநர் சபையில் தலைவராகவோ அங்கத்தினராகவோ நீடிக்கும் ஏற்பாடு, அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பல பெரிய ஸ்தாபனங்களில் சம்பிரதாயமாகவே நிலவி வந்திருக்கிறது. அவருடைய அனுபவம் வீணாகலாகாது என்பதே இதற்கு முதன்மையாகச் சொல்லப்படும் காரணம்.

இது செவ்வனே நடந்ததற்கு இன்டெல் கம்பெனி தக்க உதாரணம். கார்டன் மூர் 1987-ல் நிர்வாகத்தை ஆண்டி குரோவிடம் விட்டு 1997 வரை சபைத் தலைவராக இருந்தார். குரோவ் 1998-ல் கிரெய்க் பாரெட்டிடம் விட்டு 2005 வரை தலைமை வகித்தார். பாரெட்டும் அவ்வாறே 2009 வரை இருந்தார். இவ்வரிசை இடறாமல் சென்றதன் மர்மத்தை 1985-ல் நிகழ்ந்த ஓர் உரையாடலில் காணலாம். ஜப்பானியரின் போட்டியால் நினைவகச் சில்லு வியாபாரம் நலிந்துகொண்டிருந்த அந்நாளில், ஜன்னலுக்கு அப்பால் கேளிக்கைப் பூங்காவின் ராட்டினம் சுழல்வதைப் பார்த்திருந்த குரோவ், தங்கள் இருவரையும் விலக்கிவிட்டுப் புதியவர் ஒருவரைச் சபை அமர்த்தினால் அவர் என்ன செய்வார் என்று மூரைக் கேட்க, நினைவகத் தொழிலை அவர் விட்டொழிப்பார் என்று மூர் தயங்காமல் விடையளித்தார். அப்படியானால் நாமே வெளியே சென்று திரும்பி வந்து அதைச் செய்துவிடலாமே என்றார் குரோவ். தாம் வளர்த்ததைத் தாமே வெட்டத் துணிந்த இத்தகையோர் சபையில் இருப்பது பின்வருவோர்க்குப் பெரும் பக்கபலம்.

அந்த மனப்பக்குவம் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. முன்னவர் தொடங்கிய கிளையொன்றை மூடவேண்டுமென்று புதியவர் சபையில் சொல்லும்போது, முன்னவர் காலத்திலேயே நியமனம் பெற்ற அங்கத்தினர்களின் பார்வை முதலில் அவர் முகத்துக்கே செல்லும். அவர் வாய் திறவாவிட்டாலும் விவாதம் பாதி முடிந்துபோகும். டிஸ்னியில் 2020 பிப்ரவரியில் பதவியைப் பாப் சாப்பெக்கிடம் அளித்த பாப் ஐகர், 2021 இறுதிவரை நிர்வாகத் தலைவராக நீடித்தார். பின்வந்தவர் அவருக்கே பதில்சொல்லக் கடமைப்பட்டிருந்தார். 2022 நவம்பரில் சபை சாப்பெக்கை நீக்கி ஐகரையே மீண்டும் அழைத்தது.

ஆசனத்தை அகற்றினால் செல்வாக்கும் அகலும் என்று எண்ணுவதற்கில்லை. இன்போசிஸில் விஷால் சிக்கா தலைமை நிர்வாகியாக இருந்த காலத்தில் அதன் ஸ்தாபகர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி சபையை விட்டு விலகியிருந்தும், நிர்வாகத்தைப் பற்றிய தம் ஆட்சேபங்களை வெளிப்படையாகக் கூறிவந்தார். 2017 ஆகஸ்டில் சிக்கா ராஜினாமாச் செய்ய, முன்னாள் தலைமை நிர்வாகியான நந்தன் நிலேகணியே சபைத் தலைவராகத் திரும்பினார்.

சட்டங்கள் பலவிதம். ஜெர்மனியில் 2009 முதல், பங்குச்சந்தையில் உள்ள கம்பெனியின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகியவர் ஈராண்டு கழியாமல் அதன் மேற்பார்வைச் சபைக்கு வரலாகாது. 25 சதவீதத்துக்கு மேல் வாக்குரிமை கொண்ட பங்குதாரர்கள் முன்மொழிந்தால் மட்டும் விலக்கு உண்டு. பிரிட்டனின் நிர்வாக நெறிமுறை, தலைமை நிர்வாகி அதே கம்பெனியின் தலைவராவதை 2003 முதல் ஒப்புவதில்லை. மீறுவோர் காரணம் கூறவேண்டும். இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமோ அவர் இயக்குநராவதைத் தடுக்காமல், விலகி மூன்று நிதியாண்டுகள் கழியும்வரை அவரைச் சுயேச்சை இயக்குநராகக் கணக்கிடலாகாது என்று மட்டும் விதிக்கிறது.

இன்டெலிலேயே இந்தச் சம்பிரதாயம் நிலைக்கவில்லை. பாரெட்டுக்குப் பின்வந்த பால் ஒட்டெலினி, 2013 மே மாதத்தில் பதவியையும் சபை ஆசனத்தையும் ஒருங்கே துறந்தார்.