எதில் பொறிப்பது: நகரி வட்டாரத்தின் கல், செம்பு, மரம்

நகரி மலையில் மூக்குபோல் துருத்தி நிற்கும் சிகரம், சென்னைத் துறைக்கு வந்த கப்பல்களுக்கு ஒருகாலத்தில் அடையாளமாக இருந்தது. அந்த மலை குவார்ட்சைட் பாறையால் ஆனது. கடப்பை, கர்நூல் பாறைகளைப் பற்றி வில்லியம் கிங் 1872-ல் எழுதிய ஆய்வுக்குப் பின் ‘நகரி குவார்ட்சைட்’ என்ற பெயர் நிலவியலில் நிலைத்தது. திருமலையின் செங்குத்துப் பாறைகளும் அங்குள்ள இயற்கைக் கல்வளைவான சிலாதோரணமும் இந்த வகையே. மணல் இறுகி உண்டான இந்தக் கல் இரும்பைக் கீறும் அளவுக்குக் கடினமானது. உளியின் முனை விரைவில் மழுங்கும். கல்லோ நினைத்த இடத்தில் நிற்காமல் சில்லு சில்லாகத் தெறிக்கும். அழகும் உறுதியும் இருந்தும் எழுத்து வெட்ட ஏற்ற கல் அல்ல இது. தென்னாட்டுக் கோயில் சுவர்களில் எழுத்து வெட்டியவர்கள் பெரும்பாலும் கருங்கல்லையே நாடினார்கள்.

திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பழமையானவை தமிழில் உள்ளன. பத்தாம் நூற்றாண்டில் பல்லவ குலத்துச் சாமவை என்ற காடவன் பெருந்தேவி வெள்ளித் திருமேனி செய்தளித்ததைச் சொல்லும் கல்வெட்டு அவற்றில் புகழ்பெற்றது. கல்லின் குறை, அதைப் பெயர்த்து எடுத்துப்போக முடியாது என்பதே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கோயிலைப் புதுப்பித்தபோது பழைய சாசனங்களைப் புதுச் சுவரில் மறுபடி வெட்ட வேண்டியிருந்தது.

எடுத்துச்செல்ல வேண்டிய சாசனத்துக்குச் செம்பு வாய்த்தது. செம்பைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் இளகும், தட்டித் தகடாக்கலாம், சிற்றுளி எளிதில் இறங்கும். களிம்பு ஏறினாலும் இரும்பைப்போல் துருவேறி உதிராது. பல செப்பேடுகளில் தகட்டின் விளிம்பைச் சற்றே தூக்கி விட்டிருப்பார்கள். வளையத்தில் கோத்த ஏடுகள் ஒன்றோடொன்று உரசினாலும் எழுத்து தேயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. கன்னாரின் கைத்திறனை அந்த விளிம்பிலேயே காணலாம். நகரிக்குத் தெற்கே, திருத்தணி அருகிலுள்ள வேலஞ்சேரியில் 1977-ல் பல்லவன் அபராஜிதன், சோழன் முதலாம் பராந்தகன் ஆகியோரின் செப்பேடுகள் கிடைத்தன. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவற்றைப் படிக்க முடிந்தது.

இந்த வட்டாரத்தில் செம்பின் மீது வைத்த நம்பிக்கைக்குப் பெரிய சான்று திருமலையில் இருக்கிறது. தாள்ளபாக்கம் அன்னமாச்சார்யர் (1408–1503) பாடிய தெலுங்குக் கீர்த்தனைகளை அவருடைய மகன் பெத்த திருமலாச்சார்யர் பதினாறாம் நூற்றாண்டில் செப்புத் தகடுகளில் பொறிக்கச் செய்தார். ஓலையில் எழுதுவது மலிவு, விரைவு. ஆனால் பூச்சி அரிக்கும், ஈரம் தின்னும். சில தலைமுறைக்கு ஒருமுறை படியெடுக்காவிட்டால் பாட்டு அழியும். எனவே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் உருவாகி, கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்ற சிறு கல் அறையில் அடுக்கப்பட்டன. 1922-ல் அவை வெளிவந்தபோது பல்லாயிரம் கீர்த்தனைகள் மீண்டன. ஒரு குடும்பம் பொருளைச் சரியாகத் தேர்ந்ததால் ஒரு மொழியின் இசைச் செல்வம் பிழைத்த நிகழ்ச்சி இது.

மரத்தில் இந்தப் பகுதியின் பெயர் சொல்வது செம்மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், குறிப்பாகச் சித்தூர், கடப்பை, நெல்லூர் பக்கங்களில் இயற்கையாக வளர்வது. வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரில் மூழ்கும். திருப்பதியின் மரப்பாச்சி பொம்மைகள் இதில் செதுக்கப்பட்டவை. கொலுவுக்கும் கல்யாணச் சீருக்கும் வாங்கிய பொம்மையே குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போனது. சாயம் பூசாத, மருந்தாகவும் அரைத்துப் பூசிய மரம் என்பதால் பெரியவர்கள் அஞ்சவில்லை. இன்று தடை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. செம்மரம் 1995 முதல், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. கடத்தல் சேஷாசலக் காட்டில் உயிர்களையும் பலிவாங்கியிருக்கிறது. உரிய ஆவணம் இல்லாத கட்டையைப் பொழுதுபோக்காகப் பொறிப்பவர்கள் தொடவே கூடாது.

உளியின் வேலையை இன்று லேசரும் செய்கிறது. இந்தியாவில் பிறந்த குமார் படேல் 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கரியமில வாயு லேசரை உருவாக்கினார். அதன் வழிவந்த சிறு பொறிப்பு இயந்திரங்கள் வீடுகளுக்கும் வந்துவிட்ட நிலையில், உளி வகுத்த வரிசை தலைகீழாகியிருக்கிறது. உளிக்கு இளகிய செம்பு, இந்த லேசரின் அகச்சிவப்புக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். உளியை வருத்திய கருங்கல்லோ, பளபளப்பாக்கிய பின் கதிர் பட்ட இடத்தில் நுண்ணியதாக உடைந்து வெளுத்து, உருவத்தைத் தெளிவாகக் காட்டும். மரம் கருகித்தான் கோடு தெரிகிறது என்பதால் வெளிர்நிற மரமே ஏற்றது. செம்மரத்தில் கோடு எடுப்பாக இராது.

ஆபத்து புகையில் இருக்கிறது. அக்ரிலிக் ஒழுங்காக வெட்டுப்படும். ஆனாலும் புகைபோக்கி வேண்டும். பி.வி.சி. சூடுபட்டால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பி நுரையீரலைப் புண்ணாக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். ஆகவே பி.வி.சி.யும் அதில் செய்த ரெக்சினும் கூடவே கூடாது. நகரிக்குத் தென்மேற்கே ராணிப்பேட்டைப் பக்கம் பதனிடும் தோலிலும் பேதம் உண்டு. குரோமியத்தில் பதனிட்டதைச் சுட்டால் நச்சுக் குரோமியம் உண்டாக இடமிருக்கிறது. ஆவாரம்பட்டைபோன்ற தாவரப் பொருளில் பதனிட்டதே தகும்.

இன்னதென்று தெரியாத பிளாஸ்டிக்குக்குச் செம்பே சோதனைக் கருவி. காற்றோட்டமான இடத்தில் செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கின் ஓரத்தில் துளி ஒட்டவைத்து, மறுபடி தீயில் காட்ட வேண்டும். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கக்கூடும். அந்தத் துண்டை இயந்திரத்தில் வைக்கக் கூடாது.