ஓப்பன்டிடிடி ரயில் தொகுப்புகள்

ஓப்பன்டிடிடி ரயில் தொகுப்பு என்பது, ஓப்பன்டிடிடி என்ற போக்குவரத்து விளையாட்டில் புதிய எஞ்சின்களையும் பெட்டிகளையும் சேர்க்கும் கூடுதல் கோப்பு. இவ்வகைக் கோப்புகளுக்கு நியூஜிஆர்எஃப் என்று பெயர். இவற்றை உருவாக்குபவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஆர்வலர்கள். ஒருவர் படம் வரைவார், ஒருவர் நிரல் எழுதுவார், மற்றொருவர் எஞ்சின்களின் விவரங்களைத் திரட்டித் தருவார்.

வரலாறு

கிறிஸ் சாயர் உருவாக்கிய 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன்' 1994இல் மைக்ரோபுரோஸ் வெளியீடாக வந்தது. அதன் விரிவான 'டீலக்ஸ்' பதிப்பின் மூலநிரல் வெளியிடப்படவில்லை. ஜோசப் டிரெக்ஸ்லர் தொடங்கிய டிடிடிபேட்ச் என்ற இணைப்பு நிரல், மூலநிரல் இல்லாமலேயே விளையாட்டின் இயக்கத்தை மாற்றியது. நியூஜிஆர்எஃப் வடிவம் அதிலிருந்து பிறந்ததே. ஜெர்மானிய ரயில்களுக்கான டிபி தொகுப்பும் பிரிட்டிஷ் ரயில்களுக்கான யுகேஆர்எஸ் தொகுப்பும் அந்த வழியில் உருவானவை. லுட்விக் ஸ்ட்ரிகியஸ் 2004இல் வெளியிட்ட ஓப்பன்டிடிடி, இவ்வடிவத்தை ஏற்று மேலும் விரிவாக்கியது.

தொடக்கத்தில் ரயில் வண்டிகளுக்கு 116 இடங்களே இருந்தன. இரண்டு தொகுப்புகளை ஒன்றாக ஏற்றினால் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி இடம் தரும் வசதி ஓப்பன்டிடிடியில் வந்தபின் இச்சிக்கல் நீங்கியது.

படம் வரைதல்

ஒரு வண்டி எட்டுத் திசைகளிலும் தெரிய வேண்டும் என்பதால் எட்டுப் படங்கள் தேவை. முன்னும் பின்னும் ஒன்றுபோல் இருக்கும் சரக்குப் பெட்டிக்கு நான்கு போதும். பழைய அளவில், முழுநீள எஞ்சினின் பக்கவாட்டுப் படம் ஏறக்குறைய 30 பிக்சல் நீளமே இருக்கும். ஜன்னலும் கூரையும் சக்கரமும் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு பிக்சல் இடம் மாறினாலும் எஞ்சினின் முகம் மாறிவிடும்.

வண்ணத்தட்டில் 256 நிறங்கள் உண்டு. அவற்றில் எட்டுச் சாயல்கள் ஆட்டக்காரரின் நிறுவன நிறமாக மாறுபவை. இரண்டாம் நிறத்துக்கும் எட்டுச் சாயல்கள் உண்டு. '2சிசி' தொகுப்பின் பெயர் இந்த இரட்டை நிற வசதியைக் குறிப்பது. தண்ணீர் அலைவதைக் காட்டவும் விளக்கு மினுக்கவும் ஒதுக்கிய நிறங்கள் தாமே அசைபவை. வரைபவர் கவனக்குறைவாக அவற்றில் ஒன்றைத் தொட்டுவிட்டால், நின்றிருக்கும் எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு புள்ளி ஓயாமல் மினுங்கும். கூட்டாளிகள் வரைந்த படங்களைச் சேர்க்கும்போது முதலில் சரிபார்ப்பவற்றில் இதுவும் ஒன்று.

நிரலும் விவரமும்

முன்பு நிரலர்கள் என்எஃப்ஓ என்ற, பதினாறடிமான எண்கள் நிறைந்த முறையில் எழுதினார்கள். பின்னர் வந்த என்எம்எல் மொழி படித்துப் புரிந்துகொள்ளக்கூடியது என்பதால் புதியவர்களும் கைவைக்க முடிந்தது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் அறிமுக ஆண்டு, வேகம், குதிரைத்திறன், எடை, இழுவைத் திறன், பராமரிப்புச் செலவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.

கூட்டாளிகளிடையே கருத்து மோதல் எழுவதும் இங்கேதான். வழக்கமான வேகத்தில் விளையாட்டின் ஓராண்டு ஏறக்குறைய 12 நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு ரயில்வே ஐந்தாண்டுகளில் கொண்டுவந்த எஞ்சின் வகைகளை எல்லாம் அப்படியே சேர்த்தால், ஒன்றை வாங்கி ஓட்டிப் பார்ப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் வரலாற்றுத் துல்லியமும் ஆட்டச் சுவையும் ஒன்றையொன்று இழுக்கின்றன.

பொது விதிகள்

ஒருவரையொருவர் அறியாதவர்கள் செய்த தொகுப்புகளும் பொருந்தி ஓடக் காரணம் சில எளிய மரபுகள். ஒவ்வொரு சரக்குக்கும் தண்டவாள வகைக்கும் நான்கெழுத்துக் குறியீடு உண்டு. தண்டவாளத் தொகுப்பைச் செய்தவரும் ரயில் தொகுப்பைச் செய்தவரும் ஒரே குறியீட்டைப் பயன்படுத்தினால் போதும், பேசிவைத்துக்கொள்ளத் தேவையில்லை. சரக்குகள் மொத்தச்சரக்கு, திரவம், குளிர்பதனம் என்று வகுக்கப்பட்டிருப்பதால், தொகுப்பு வெளியானபின் உருவாக்கப்பட்ட புதிய சரக்கையும் பழைய பெட்டி ஏற்றிச் செல்லும்.

ஒவ்வொரு தொகுப்புக்கும் நான்கு பைட் அளவில் மாறாத அடையாள எண் இருக்கும். அடுத்த பதிப்பில் வண்டிகளின் வரிசை எண்களைக் கலைத்தால், சேமித்த பழைய ஆட்டங்களில் எஞ்சின்கள் இடம் மாறிவிடும். பலர் சேர்ந்து ஆடும்போது எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும்.

உரிமம்

கூட்டுப் பணி நீடிப்பதை உரிமம் முடிவுசெய்கிறது. உரிமம் குறிப்பிடாமல் படம் தந்தவர் விலகிவிட்டால், அவர் வரைந்த எஞ்சின்களை மற்றவர்கள் திருத்தவோ வேறு தொகுப்பில் சேர்க்கவோ முடியாது. இதனால் பல தொகுப்புகள், விளையாட்டைப் போலவே, ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தின்கீழ் மூலநிரலுடன் வெளியிடப்படுகின்றன.

தொகுப்பில் தோன்றும் பெயர்களும் விளக்கங்களும் தனி மொழிக்கோப்பில் இருப்பதால், நிரல் அறியாதவரும் மொழிபெயர்ப்பாளராகச் சேரலாம். ஓப்பன்டிடிடி விளையாட்டின் மொழிக்கோப்புகளில் தமிழும் ஒன்று.