உள்ளே நிற்கும் குச்சி

உத்திரமேரூர் வீட்டில் பெரியப்பாவின் பிடில் பெட்டி பீரோவின் மேல்தட்டில் இருக்கும். எஃப் வடிவத் துளைக்குள் டார்ச் அடித்தால் பழுப்பேறிய சீட்டில் ஸ்ட்ராடிவாரியஸ் பெயரும், கீழே ‘மேட் இன் ஜெர்மனி’ என்பதும் தெரியும். ஸ்ட்ராடிவாரி 1737-இல் இத்தாலியின் கிரிமோனாவில் காலமானவர். அவருடைய மாதிரியை வைத்து ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன் வட்டாரத்தில் ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் முதுகுப் பலகை என்று குடிசைத் தொழிலாகவே பிடில் செய்தார்கள். நாட்டின் பெயர் போடும் வழக்கம், 1887-இல் பிரிட்டன் கொண்டுவந்த சரக்கு முத்திரைச் சட்டத்துக்குப் பிறகு பரவியது.

அதற்கு வெகு காலம் முன்பே பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதை நம் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்துவிட்டார். நாம் அதைத் தரையில் உட்கார்ந்து, சுருளைக் கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து வாசிக்கிறோம்.

கல்லூரி நாளில், தூசி துடைக்கலாம் என்று நாலு தந்தியையும் ஒன்றாகக் கழற்றினேன். உள்ளே ‘டொக்’ என்றது. எடுத்து அசைத்தால் ஏதோ உருண்டது. சவுண்ட் போஸ்ட் விழுந்திருந்தது. ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ள ஸ்புரூஸ் மரக்குச்சி அது. பசை கிடையாது, தந்திகளின் இழுவையில் மேல்பலகையும் முதுகுப் பலகையும் தரும் அழுத்தத்தில்தான் நிற்கிறது. இத்தாலியர்கள் அதை ‘அனிமா’, உயிர் என்கிறார்கள்.

செங்கல்பட்டு வரை பஸ், பிறகு ரயில். பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை. சென்னையில் பிடில் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், எஸ் போல வளைந்த இரும்புக் கம்பியின் நுனியில் குச்சியைக் குத்தி, துளை வழியே நுழைத்து, தந்திகளைத் தாங்கும் குதிரையின் மெல்லிய தந்திப் பக்கக் காலுக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தினார்.

“வாசிங்க தம்பி.”

வாசித்தேன். பஞ்சமம் கீச்சிட்டது, கீழ் ஷட்ஜம் வாயே திறக்கவில்லை.

“குதிரைக்கு ரொம்ப ஒட்டி நிக்குது.”

நகக்கண் அளவுகூட இருக்காது, நகர்த்தினார். மறுபடி வில் போட்டதும் ஷட்ஜம் என் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. கண் கலங்கிவிட்டது.

மற்ற பராமரிப்பை அவரே சொல்லி அனுப்பினார். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும்போது தந்தியை முறுக்கும் பிருடை உப்பி இறுகும், சித்திரையில் வழுக்கும். கொஞ்சம் சோப்பும் சாக்குக்கட்டியும் தடவினால் போதும். சுருதி சேர்க்கச் சேர்க்கக் குதிரை முன்னால் சாயும், நிமிர்த்திவைக்க வேண்டும். ரோசின் பொடியை அன்றன்றே துடைக்க வேண்டும்.

பெட்டி இப்போது என் மகளிடம். ஒரு தந்தியை மாற்றி முடுக்கிய பிறகே அடுத்ததைத் தொடுகிறாள். நடுவில் டார்ச்சை எடுத்து, குச்சி நிற்கிறதா என்று எட்டிப் பார்க்கிறாள்.