தள்ளி நின்னு பாரு

நாமக்கல்லில் கமலாலயக் குளத்தங்கரையில் நின்று நிமிர்ந்தால் கோட்டைப் பாறை கண்ணை நிறைக்கும். ஒற்றைப் பாறை. கூம்பு கிடையாது, சிகரம் கிடையாது. அதை அன்றாடம் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் மலை வரையச் சொல்லுங்கள்; இரண்டு முக்கோணம் போட்டு நடுவில் சூரியனை வைப்பார்கள். ஆறாம் வகுப்பில் ஒருமுறை நான் பாறையைப் பார்த்தபடியே வரைந்து நீட்டினேன். "இது மலையா? போர்டுல இருக்கிற மாதிரி ரெண்டா போடு" என்று நோட்டு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடியும்வரை நான் அந்தப் பாறையை வரையவே இல்லை.

இதே ஊரில் படம் போடக் கற்றுத்தரும் இன்னோர் இடம் உண்டு: லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. பள்ளியின் ஓவிய வகுப்பையும் பட்டறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

இரண்டிலுமே பார்த்து வரைவதுதான் பாடம். ஓவிய நோட்டில் இடப்பக்கம் அச்சடித்த மாம்பழம், வலப்பக்கம் வெற்றுத்தாள். பட்டறையிலும் அதே தாமரை, அதே மயில், அதே கிளிதான். அதனால் பார்த்து வரைவதையே குற்றம் என்று ஒதுக்க என்னால் முடியாது. கை பழக அது வேண்டும்.

ஒரு நாள் பட்டறையில் கண்டதைச் சொல்கிறேன். சாக்பீஸ் தூள் தடவிய நூலை இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்ட, லாரியின் பின்கதவில் வெள்ளைக் கோடு விழுந்தது. கோட்டுக்கு வலப்புறம் பாதித் தாமரையை பெயிண்டர் போட்டுவிட்டார். இடப்பாதி, வேலை பழக வந்த பையனுக்கு. அவன் முடித்ததும் பெயிண்டர் படத்தைப் பார்க்கவில்லை.

"இறங்கி வா தம்பி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போ. தள்ளி நின்னு பாரு."

பையன் போனான். கொஞ்ச நேரம் நின்றான்.

"ஒரு இதழ் தொங்குதுண்ணா."

"எது?"

"கீழ இருந்து மூணாவது."

"துடைச்சிட்டுப் போடு."

டர்பன்டைன் நனைத்த துணியால் அவனே துடைத்தான், அவனே மறுபடி போட்டான். தப்பைக் கண்டது அவன் கண். அந்தத் தாமரைக்குப் பார்வையாளர்களும் உண்டு. பின்னால் வண்டி ஓட்டி வருகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். நோட்டிலுள்ள மாம்பழத்தை மதிப்பெண் போடுகிறவர் ஒருவர்தான் பார்க்கிறார்.

ஓவிய ஆசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குக் கலை கற்பிக்கப் பகுதிநேரப் பயிற்றுநர் போதும் என்றது. தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். அந்த அரை நாளில் எத்தனை பிள்ளைகளை எழுப்பித் தள்ளி நின்று பார்க்கச் சொல்ல முடியும்? அச்சடித்த மாம்பழம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. இத்தனைக்கும் ஓவிய ஆசிரியர்கள் தேறி வரும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் மாடல் டிராயிங் உண்டு. எதிரே வைத்த பொருளைக் கண்ணால் அளந்து வரைய வேண்டும். அவர்கள் கற்ற அந்தப் பாடம் பிள்ளைகளின் கைக்கு வந்துசேரவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

பட்டறையைத் தூக்கிவைத்துப் பேசவும் நான் வரவில்லை. அங்கே வண்டிக்காரர் கேட்பதுதான் படம். பையன் மனதில் இருப்பதை யாரும் கேட்பதில்லை. பெண்பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. அவர்கள் தள்ளி நின்று பார்ப்பதெல்லாம் வாசலில் போட்ட கோலத்தை. இப்போது ஸ்டிக்கர் வந்து பையன்களின் வேலையையும் குறைத்துவிட்டது.

சாந்திநிகேதனில் படித்துவிட்டு 1944-ல் சேவாகிராமம் போன தேவி பிரசாத், காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார். கல்விக்கே கலைதான் அடிப்படை என்று வாதிட்டவர் அவர். பட்டறையின் கண்ணும், மனதில் இருப்பதை வரையவிடும் சேவாகிராமத்தின் சுதந்திரமும் ஒரே வகுப்பறையில் சேர வேண்டும் என்பது என் ஆசை.

போன கோடை விடுமுறையில் அக்கா மகளோடு திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறிப் போனேன். வழியில் பாறையில் செதுக்கிய பெரிய நாகம் இருக்கிறது, அறுபதடி நீளம் என்பார்கள். உடம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமும். அவள் தலைப்பக்கம் நின்று பார்த்தாள், பிறகு வால்வரை நடந்துபோய்த் திரும்பி நின்று பார்த்தாள். அன்று ராத்திரி வீட்டில் வரைய உட்கார்ந்தாள். ஐந்து தலைக்கே ஒரு தாள் போதவில்லை.

"மாமா, பசை இருக்கா?"

நான் தூங்கப் போகும்போது மூன்றாவது தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். வால் இன்னும் வரவில்லை.