வட்டத்துக்கு முன்னால் ஒரு வளைவு

1886 செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளானுக்குள் வந்தது. ஒரு மீட்டர் அகலப் பாதை. கடப்பாரையும் சம்மட்டியுமாக மலாயாவின் ரயில் பாதைகளைச் சீர்செய்தவர்களில் நம்மாட்கள் ஏராளம். ரோலர் கோஸ்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் ரயிலில் ஆரம்பிக்கிறேனே என்றால், இரண்டுக்கும் வியாதி ஒன்றுதான்.

நேர்ப்பாதையில் வரும் வண்டி சட்டென்று வட்டத்துக்குள் நுழைந்தால், பக்கவாட்டு விசை ஒரே அடியில் முழு அளவுக்கு ஏறிவிடும். பயணிக்கு அது ஒரு உதறல், அவ்வளவுதான். தண்டவாளத்துக்கு அது அடி. அடி விழுந்த இடம் தேயும், பாதை ஒரு நூல் நகரும். நகர்ந்த பாதையில் அடுத்த வண்டி இன்னும் பலமாக மோதும். மறுபடி கடப்பாரையோடு யார் போக வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கு மருந்து, வட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும் ஒரு வளைவு. அதன் கணக்கை ஆய்லர் 1744-லேயே எழுதிவிட்டார். ரயில் பாதைக்கென்று அமெரிக்கப் பொறியாளர் டால்பட் அதை வகுத்தது 1890-இல், அதாவது கிள்ளானுக்கு ரயில் வந்த அதே வருஷம்.

கேளிக்கை வண்டி செய்தவர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1895-இல் கோனி ஐலண்டில் வந்த ஃப்ளிப் ஃப்ளாப் வண்டியின் சுழல் முழு வட்டம். உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும், உச்சியில் கீழே விழாமல் இருக்கப் போதுமான வேகத்தில் போகிறவருக்கு வட்டத்தின் அடியில் உடம்பு 6 மடங்கு கனக்கும். அதுவும் ஒரு நொடிக்குள். கழுத்து தாங்குமா? 1901-இல் பிரெஸ்காட் வட்டத்தை நீள்வட்டமாக்கினார். அடி குறைந்தது, ஆனால் ஏறியவர்களைவிட வேடிக்கை பார்த்தவர்கள்தான் அதிகம்.

1919-இல் ஜான் மில்லர் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வைத்தார். பலரும் இதைப் பெரிய திருப்பம் என்பார்கள். வண்டி கழன்று பறக்காமல் இருக்க உதவியது, சரி. ஆனால் பிடியை இறுக்குவது வேறு, அடியைக் குறைப்பது வேறு. பிடி இறுகியதும் வேகம் கூடியது, அந்த விசை முழுவதையும் மரப்பாதைதான் வாங்கியது. 1959-இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்னில் எஃகுக் குழாய்ப் பாதை வந்தது. மரத்தைப் போல ஈரத்தில் ஊதாது, ஆணி தளராது. அப்போதும் வளைவின் கணக்கு பாக்கி இருந்தது.

அது தீர்ந்தது 1976-இல். கலிபோர்னியாவில் ஷ்வார்ஸ்கோப் கட்டிய ரெவல்யூஷனுக்கு ஸ்டெங்கல் கண்ணீர்த்துளி வடிவில் சுழல் வரைந்தார். அடியில் விரிவு, உச்சியில் இறுக்கம். வேகம் அதிகமுள்ள இடத்தில் வளைவு தளர்வாக இருப்பதால் விசை படிப்படியாக ஏறி இறங்குகிறது. கழுத்தும் தப்பியது, சக்கரமும் தப்பியது. ரயில்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் இங்கே வந்துசேர 86 வருஷம்.

2003-இல் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்கொயர் கட்டடத்துக்குள்ளேயே தலைகீழாகப் புரட்டும் வண்டியை இந்தாமின் நிறுவனம் அமைத்தபோது, இதெல்லாம் பாலபாடம் ஆகியிருந்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இந்த மாதிரி வண்டிகளின் சக்கரத்தில் பாலியூரித்தேன் உறை இருக்கும். தேய்ந்தால் உறையை மாற்றிக்கொள்ளலாம், பாதை பிழைக்கும். கிள்ளான் கம்யூட்டரில் இரும்போடு இரும்பு. அங்கே வளைவில் முதலில் தேய்வது வெளித் தண்டவாளம்தான்.