வௌவால் வீரனும் இரத்தக் காட்டேரியும்

மேலை நாட்டுப் படக்கதைகளில் உலவும் முகமூடி வீரருள் பேட்மேன் என்னும் வௌவால் வீரனை அறியாத மாணவர் நம் பள்ளிகளில் அரியர். பெற்றோரைக் கொள்ளையன் ஒருவனுக்குப் பறிகொடுத்த செல்வச் சிறுவன் வளர்ந்து, இரவில் வௌவால் வேடம் பூண்டு கோதம் நகரத்துக் கயவரை ஒறுப்பதே அவன் கதை. பகைவன் எத்துணைக் கொடியனாயினும் அவன் உயிரைப் பறிப்பதில்லை என்பது இவ்வீரனின் நோன்பு. 1991-ஆம் ஆண்டில் டக் மென்ச் எழுத, கெல்லி ஜோன்ஸ் வரைந்து வெளிவந்த படக்கதை ஒன்று, இவனை இரத்தக் காட்டேரிகள் உண்மையிலேயே வாழும் உலகில் கொண்டுபோய் நிறுத்திற்று. 'செம்மழை' எனப் பொருள்படும் பெயருடையது அந்நூல். இதனைப் புதுமை என்று கருதுவோர் உளர். பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போர்க்கு, அஃது அரை நூற்றாண்டாகத் தீராதிருந்த வழக்கொன்றின் மறு விசாரணை என்பது விளங்கும்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஆங்கிலேயர் வேம்பயர் என்பதை நாம் இரத்தக் காட்டேரி என்கிறோம். 1870-இல் ரிச்சர்டு பர்ட்டன், விக்கிரமாதித்தன் சுமந்த வேதாளத்திற்கும் அவ்வாங்கிலப் பெயரையே சூட்டிவிட்டார். பொருந்தாத மொழிபெயர்ப்பு அது. நம் வேதாளம் பிணத்துள் புகுந்து கதை சொல்லிப் புதிர் போடுமேயன்றி, இரத்தம் குடிப்பதைத் தொழிலாகக் கொண்டதன்று. இந்நாட்டு மலாய் மக்கள் அஞ்சும் பொந்தியானாக், பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி, அதுவும் வேறே. ஐரோப்பியரின் காட்டேரியோ, புதைத்த உடலே இரவில் எழுந்து வந்து உயிருள்ளோர் குருதியைக் குடிப்பது. ஆஸ்திரியர் ஆட்சியிலிருந்த செர்பியச் சிற்றூர்களிலிருந்து 1725-ஆம் ஆண்டிலும் 1732-ஆம் ஆண்டிலும் போன அரசாங்க அறிக்கைகளே அச்சொல்லை ஐரோப்பா எங்கும் பரப்பின.

இதில் வௌவால் எங்கே வந்தது? ஐரோப்பாவில் வாழும் வௌவால் எதுவும் இரத்தம் குடிப்பதில்லை. நம் தோட்டங்களில் தலைகீழாகத் தொங்குவனவும் பழமும் பூச்சியும் தின்பனவே. குருதியுண்ணும் வௌவால் இனங்கள் உலகில் மூன்றே. அம்மூன்றும் மெக்சிகோ முதல் தென்னமெரிக்கா வரையுள்ள நிலப்பகுதிக்கு உரியவை. அவற்றைக் கண்ட ஐரோப்பியர் தம் நாட்டுப் பேயின் பெயரை அவற்றிற்கு இட்டனர். பேயின் பெயர் வௌவாலுக்குப் போயிற்று; பின்னர் வௌவாலின் உருவம் பேய்க்கு வந்தது. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' என்னும் நாவலில் அப்பிரபு வௌவாலாக மாறிப் பறக்கிறான். ஆகவே, 1939 மே மாத இதழில் பில் ஃபிங்கரும் பாப் கேனும் தம் வீரனுக்கு வௌவால் உருவைத் தேர்ந்தபோதே காட்டேரியின் நிழலும் அவன்மேல் விழுந்துவிட்டது எனலாம். (கேன் ஒருவர் பெயரே பல்லாண்டு அச்சேறி வந்தது. ஃபிங்கருக்கு உரிய மதிப்பு முறைப்படி கிடைத்தது 2015-இல். அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கடந்தபின்.)

அந்நிழல் உடல் கொண்டு வரச் சில மாதங்களே ஆயின. அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் இதழ்களில் 'துறவி' எனப்படும் செந்நிற முக்காட்டுக் காட்டேரி ஒருவன் தோன்றுகிறான். வௌவால் வீரன் ஹங்கேரி வரை அவனைத் துரத்திச் செல்கிறான். வெள்ளிச் சிலையொன்றை உருக்கிக் குண்டு வார்க்கிறான். துறவியும் அவன் துணைவியும் சவப்பெட்டிகளில் உறங்குகையில் இருவரையும் சுட்டுக் கொல்கிறான். இன்றைய வாசகர்க்கு இது வியப்பூட்டும். கொல்லா நோன்பு பிறவியிலேயே வந்ததன்று. அடுத்த ஆண்டு, விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடும் கதையொன்று வெளிவந்த பின்னரே, பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வர்த், இனி இவ்வீரன் துப்பாக்கி ஏந்தலாகாது, கொலை புரியலாகாது என்று விதித்தார். வணிகர் விதித்த கட்டளை நாளடைவில் வீரனின் அறமாக மலர்ந்தது.

காட்டேரிகளின் கதை வேறு வழியில் சென்றது. 1954-இல் அமெரிக்கச் செனட் சபைக் குழுவொன்று படக்கதைகளால் சிறுவர் கெடுகின்றனரா என்று விசாரித்தது. பிரெடரிக் வெர்தம் என்னும் மனநோய் மருத்துவர் ஆம் என்றார். அரசாங்கம் தடை விதிக்குமுன் பதிப்பாளர்களே அக்டோபரில் ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டனர். நடமாடும் பிணம், ஓநாய் மனிதன், இரத்தக் காட்டேரி ஆகிய யாவும் ஏட்டிலிருந்து நாடு கடத்தப்பட்டன. இந்நெறி நகைப்புக்கிடமான எல்லைக்கும் போயிற்று. ஓநாய் மனிதன் எனப் பொருள்படும் வுல்ஃப்மேன் என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்ட எழுத்தாளர் ஒருவரின் பெயரைக் கதைக்குள் குறிப்பிட்டதற்கே தணிக்கையாளர் தடை சொன்னார்கள்!

1971-இல் நெறி தளர்ந்தது. தளர்ந்த விதத்தை ஆசிரியர்கள் கருத வேண்டும். டிராகுலா முதலிய கதைகள் பள்ளிகளில் படிக்கப்படும் இலக்கியமாதலின், அம்மரபைப் பின்பற்றிக் காட்டேரியைக் காட்டலாம் என்பதே அன்று கூறிய காரணம். நடமாடும் பிணத்திற்கு அத்தகைய இலக்கியச் சான்று இல்லாமையால் அதற்கு விடுதலை கிட்டவில்லை! பேய்க்குப் பிணை நின்றது பாடநூல். அவ்வாண்டே சிலந்தி வீரனுக்கு எதிராக மார்பியஸ் என்னும் காட்டேரி தோன்றினான். 1972 முதல் 1979 வரை டிராகுலாவையே தலைவனாகக் கொண்ட இதழ் 70 வெளிவந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றை எழுதியவர் மேற்சொன்ன வுல்ஃப்மேனே.

இனிச் செம்மழைக்கு வருவோம். கோதம் நகரில் வீடற்ற ஏழைகள் தெருவில் கழுத்தறுபட்டு மடிகின்றனர். கேட்பாரில்லை. கொன்றவன் டிராகுலா. அவனை எதிர்த்துப் பிரிந்த தான்யா என்னும் காட்டேரிப் பெண், வௌவால் வீரனுக்குக் காட்டேரியின் வலிமையைச் சிறிது சிறிதாக ஊட்டுகிறாள். இறுதிப் போரில் அவன் மனிதப் பிறவியை இழந்து முழுக் காட்டேரியாகிறான். மின்னல் முறித்த மரத்தில் டிராகுலாவைக் குத்திக் கொல்கிறான். ஜோன்ஸின் சித்திரங்களில் மேலங்கி மட்டுமீறி நீள்வதும் காதுகள் கொம்புபோல் ஓங்குவதும் இக்கதைக்கு நன்கு பொருந்துகின்றன. கதைப் பின்னல் சற்றுத் தளர்ச்சியே. ஆயினும் ஒரு கேள்வியை அது வலுவாக எழுப்புகிறது. ஏற்கெனவே இறந்தவரை அழிப்பது கொலையாகுமா? ஆகாது என்கிறான் வீரன். 1939-இல் வெள்ளிக் குண்டு சொன்ன விடையும் அதுவே.

அவ்விடையால் நேர்வதை 1994-இல் வந்த இரண்டாம் பகுதி காட்டுகிறது. மூன்றனுள் சிறந்தது அதுவே என்பேன். இரத்தத்திற்கு மாற்றாக அவன் அருந்திவந்த மருந்து பயனற்றுப் போகிறது. தாகம் வாட்டுகிறது. அவனுக்கு உற்ற துணையாயிருந்த செலினாவை ஜோக்கர் என்னும் கொடியன் கொன்றுவிடுகிறான். ஜோக்கர் காட்டேரியல்லன், பிறப்பால் மனிதன். வௌவால் வீரன் அவன் கழுத்தைக் கவ்விக் குருதியைக் குடித்துவிடுகிறான். பேய்க்கென்று ஒதுக்கிய விலக்கு, பேயனைய மனிதனுக்கும் நீண்டுவிட்டது. சினம் தணிந்தபின் செய்ததை உணர்ந்து, தன் மார்பில் மரமுளை அறையும்படி காவல் தலைவர் கோர்டனையும் பணியாளர் ஆல்பிரட்டையும் வேண்டுகிறான். அவர்களும் அறைகின்றனர்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். 1990-களின் இறுதியில் வந்த மூன்றாம் பகுதியில், கயவர் கை ஓங்கியது கண்டு பொறாத ஆல்பிரட் அம்முளையைப் பிடுங்கிவிடுகிறார். எழுந்தவன் பழைய வீரனல்லன். பகைவரை ஒவ்வொருவராகத் தேடிக் குடித்துத் தலையையும் கொய்கிறான். கயவர் சிலரோடே கோர்டன் கூட்டுச் சேர வேண்டிய நிலை வருகிறது. இறுதியில் வெடிவைத்துக் குகையின் கூரை தகர்க்கப்பட, உள்ளே வெயில் கொட்டுகிறது. தள்ளுவார் எவருமின்றி, வௌவால் வீரன் தானே அவ்வெயிலுக்குள் நடந்து செல்கிறான்.