சேற்றுநில டயர்

சேற்றுநில டயர் என்பது சேறு, களிமண், இளகிய மண், கற்கள் நிறைந்த பாதை ஆகியவற்றில் சக்கரம் வழுக்காமல் செல்வதற்காக, பெரிய மேடுகளும் அகன்ற பள்ளங்களும் கொண்டதாக வடிவமைக்கப்படும் ஊர்தி டயர் ஆகும். நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்புகளிலும், பிக்கப் எனப்படும் இலகு சுமையுந்துகளிலும் இது பயன்படுகிறது. டயரின் பக்கச்சுவரில் பெரும்பாலும் எம்/டி என்ற குறியீடு காணப்படும். தரையைத் தொடும் மேற்பரப்பைத் தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் பட்டன் என்பதால், இத்தகைய டயர்கள் பட்டன் டயர் எனவும் அழைக்கப்படுகின்றன.

சேற்றில் இழுவை தரும் அதே அமைப்பு, நனைந்த தார்ச்சாலையில் பிடிமானத்தைக் குறைக்கிறது. ஒரே பயணத்தில் இருவகைப் பாதைகளையும் கடக்க வேண்டிய கன்னியாகுமரி மாவட்டம் போன்ற மழைப்பகுதிகளில் இது முதன்மையாகக் கருதத்தக்க பண்பாகும்.

வரலாறு

இரண்டாம் உலகப்போரில் பயன்படுத்தப்பட்ட வில்லிஸ் ஜீப்பில் 6.00-16 அளவுள்ள படைத்துறை டயர்கள் பொருத்தப்பட்டிருந்தன. இவற்றின் மேடுகள் திசைசாராதவை. எனவே முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே அளவு இழுவை கிடைத்தது. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளை ஒருங்கிணைக்கத் தொடங்கியது. அவற்றின் வழிவந்த ஜீப்புகள் மலைத்தோட்டங்களில் பரவலாகப் பயன்பட்டன.

தொடக்ககாலச் சேற்று டயர்கள் நைலான் டயர் எனப்படும் குறுக்கிழை வகையைச் சேர்ந்தவை. பி.எப். குட்ரிச் நிறுவனம் 1976இல் அனைத்துநில ரேடியல் டயரையும், 1980இல் சேற்றுநில ரேடியல் டயரையும் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் மகிந்திரா தார் (2010), இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ் (2016), டொயோட்டா ஹைலக்ஸ் (2022) போன்ற நான்கு சக்கர இயக்க ஊர்திகள் விற்பனைக்கு வந்தபின் இவ்வகை டயர்களின் பயன்பாடு தோட்டங்களுக்கு வெளியேயும் பரவியது.

கன்னியாகுமரி மாவட்டச் சூழல்

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணைந்த கன்னியாகுமரி மாவட்டம், தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் பெறுவது. இதனால் ஆண்டின் பல மாதங்களில் மலையடிவார மண்பாதைகள் ஈரமாகவே இருக்கின்றன. நாஞ்சில் நாட்டின் வயல்களில் களிமண்ணும், மேற்குப் பகுதி மேடுகளில் செம்புறை மண்ணும், கடற்கரையில் மணலும் காணப்படுகின்றன. இம்மூன்றும் டயருக்கு வெவ்வேறு வகையான தடைகளைத் தருகின்றன.

தமிழ்நாட்டில் ரப்பர் மிகுதியாக விளைவது இம்மாவட்டத்திலாகும். 1984இல் தொடங்கப்பட்டு நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு முதலிய இடங்களில் உள்ளன. தனியார் தோட்டங்களும் சிறு உடைமைகளும் பல உள்ளன. பால்வெட்டு அதிகாலையில் நடைபெறும். சேகரித்த பால் உறைவதற்கு முன் பதப்படுத்தப்பட வேண்டும். ஆகவே மழைக்காலத்திலும் ரப்பர் பால், ஷீட், ஒட்டுப்பால் ஆகியவற்றை ஏற்றிய ஊர்திகள் தோட்டத்திலிருந்து வெளியேறியாக வேண்டும். தோட்டத்தினுள் சில கி.மீ. செம்மண் பாதையும், அதன்பின் குலசேகரம், மார்த்தாண்டம், நாகர்கோவில் ஆகிய ஊர்களை நோக்கி வளைவுகள் நிறைந்த தார்ச்சாலையும் இருப்பது இப்பயணத்தின் இயல்பு. பயண நேரத்தில் பெரும்பகுதி தார்ச்சாலையிலேயே கழிகிறது.

டயர்த் தொழில் இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியைப் பயன்படுத்துகிறது. கிழிசலைத் தாங்கும் தன்மை காரணமாக, கார் டயர்களைக் காட்டிலும் கனரக ஊர்திகளின் டயர்களில் இயற்கை ரப்பரின் பங்கு கூடுதலாகும்.

அமைப்பும் செயல்பாடும்

சாதாரண நெடுஞ்சாலை டயர் புதிதாக இருக்கும்போது அதன் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 8 மி.மீ. ஆகும். சேற்றுநில டயரில் இது பொதுவாக 13 முதல் 16 மி.மீ. வரை இருக்கும். மேடுகள் சேற்றைக் கிழித்து அடியிலுள்ள கெட்டியான மண்ணைப் பற்றுகின்றன. சக்கரம் சுழலும்போது பள்ளங்களில் அடைந்த மண் வெளியே வீசப்படுகிறது. இது தன்துப்புரவு எனப்படும். பள்ளங்கள் குறுகியிருந்தால் மண் அடைந்து, டயர் வழுவழுப்பான உருளையாக மாறிவிடும். தோள்பகுதியிலும் பக்கச்சுவரிலும் உள்ள மேடுகள், ஊர்தி தடத்தில் புதையும்போது பக்கவாட்டு மண்ணைப் பற்ற உதவுகின்றன.

உழுவுந்தின் பின்சக்கர டயரிலுள்ள சாய்ந்த பட்டைகளும் இதே தத்துவத்தில் செயல்படுகின்றன. நெல்வயலில் சேற்றுழவு செய்யும்போது பொருத்தப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் சேற்றில் இன்னும் சிறந்தது. ஆனால் அது தார்ச்சாலையைச் சிதைப்பதால் சாலையில் ஓட்டத் தகாதது. சேற்றுநில டயர் கூண்டுச் சக்கரத்திற்கும் நெடுஞ்சாலை டயருக்கும் இடைப்பட்டதாகக் கருதத்தக்கது.

தார்ச்சாலையில் விளைவுகள்

* ஈரத்தில் நிறுத்தும் தொலைவு: பள்ளங்கள் அகன்றிருப்பதால் சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைகிறது. உயரமான மேடுகள் பிரேக் பிடிக்கும்போது வளைகின்றன. நீர்ப்படலத்தை அறுக்கும் நுண்கீறல்களும் குறைவு. இதனால் நனைந்த தாரில் ஊர்தி நிற்பதற்குக் கூடுதல் தொலைவு தேவைப்படுகிறது. ஆழமான நீர்த்தேக்கத்தில் பள்ளங்கள் நீரை வெளியேற்ற உதவினாலும், மெல்லிய நீர்ப்படலத்தில் அந்தப் பயன் கிட்டுவதில்லை.
* வெற்று ஊர்தியின் சறுக்கல்: சுமையில்லாத பிக்கப்பின் பின்னச்சில் எடை குறைவாக இருப்பதால், மழையில் வளைவுகளில் பின்பகுதி விலகிச் செல்லும் வாய்ப்பு அதிகம். சேற்றுநில டயர் இதனை மிகுவிக்கும்.
* இரைச்சல்: மேடுகள் தாரில் மோதுவதாலும் பள்ளங்களில் காற்று அமுக்கப்படுவதாலும் தொடர்ந்த முனகல் ஒலி எழுகிறது. டயர் தேயத் தேய இது மிகும்.
* எரிபொருள்: டயரின் எடையும் உருளல் தடையும் கூடுவதால் டீசல் செலவு உயர்கிறது.
* மண்கட்டிகள்: தோட்டத்திலிருந்து வெளியேறிய ஊர்தி வேகமெடுக்கும்போது பள்ளங்களிலுள்ள செம்மண் தார்ச்சாலையில் சிதறுகிறது. மழையில் இது இருசக்கர ஊர்திகள் வழுக்கக் காரணமாகிறது.
* நடுக்கம்: சக்கர வளையத்தின் உட்புறம் சேறு ஒட்டிக் காய்ந்தால் சமநிலை குலைந்து ஸ்டியரிங் நடுங்கும். கழுவியதும் இது நீங்கினால், குறை டயரிலோ அச்சிலோ இல்லை என அறியலாம்.

அளவு மாற்றம்

215/75 ஆர்15 என்ற அளவில் 215 என்பது மி.மீ. அகலத்தையும், 75 என்பது அகலத்திற்குப் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காட்டையும், 15 என்பது வளையத்தின் அங்குல விட்டத்தையும் குறிக்கும். இதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 703 மி.மீ. ஆகும். இதற்குப் பதிலாக 235/75 ஆர்15 பொருத்தினால் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ. ஆகிறது. அதாவது 4 விழுக்காட்டுக்கும் சற்று மேல் கூடுகிறது. வேகமானி மாற்றத்திற்கு முன் சரியாகக் காட்டியிருந்தால், அது 60 கி.மீ. காட்டும்போது ஊர்தியின் உண்மை வேகம் ஏறத்தாழ 62.6 கி.மீ. ஆக இருக்கும். சக்கரம் பெரிதாவதால் பிரேக்கின் மீதும் பளு கூடுகிறது.

இந்தியச் சுமையுந்துகளில் முன்சக்கரங்களுக்கு நீள்வரி டயரும் பின்சக்கரங்களுக்கு மேட்டு டயரும் பொருத்தும் வழக்கம் உண்டு. பின்சக்கரம் மட்டும் இயங்கும் பிக்கப்புகளில் இது செலவைக் குறைக்கும். ஆயினும் ஈரச்சாலையில் முன்னும் பின்னும் பிடிமானம் வேறுபடும். நான்கு சக்கர இயக்கத்தில் முன்பின் டயர்களின் விட்டம் வேறுபட்டால் பற்சக்கரப் பெட்டி பழுதடையும். எனவே நான்கும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். மாற்றுச் சக்கரமும் அதே அளவில் இருத்தல் நன்று.

காற்றழுத்தம்

இளகிய மண்ணிலும் மணலிலும் காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு கூடும். சுமையில்லாத இலகு ஊர்திகளில் சதுர அங்குலத்திற்கு 18 முதல் 20 பவுண்டு வரை குறைப்பது வழக்கம். கடற்கரை மணலில் காற்றைக் குறைக்காமல் சக்கரத்தைச் சுழற்றினால், சேற்றுநில டயரின் மேடுகள் மணலைத் தோண்டி ஊர்தியைப் புதைத்துவிடும். சுமையேற்றிய பிக்கப்பில் காற்றைக் குறைப்பது ஆபத்தானது. பக்கச்சுவர் மிகுதியாக வளைந்து சூடேறும். டயர் வளையத்திலிருந்து கழன்றுவிடவும் கூடும். தார்ச்சாலையை அடைந்ததும் ஊர்தி உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவுக்குக் காற்று நிரப்பப்பட வேண்டும்.

பராமரிப்பு

ஒரே அச்சில் தொடர்ந்து ஓடினால் மேடுகளின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து பல்வரிசை போன்ற வடிவம் உண்டாகும். இதனைத் தவிர்க்க ஏறத்தாழ 5,000 முதல் 8,000 கி.மீ. இடைவெளியில் சக்கரங்கள் இடம் மாற்றப்படுகின்றன. பள்ளங்களில் சிக்கிய சரளைக்கற்கள் நாளடைவில் உட்புறத்தைத் துளைக்கக்கூடும் என்பதால் அவை அகற்றப்படுகின்றன. பக்கச்சுவரிலுள்ள நான்கிலக்க எண் டயர் உருவாக்கப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்பது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் ஆகும். மேடுகள் உயரமாக எஞ்சியிருந்தாலும் பழைய டயரின் ரப்பர் இறுகி வெடித்திருக்கலாம்.

சட்டவிதிகள்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் ஊர்தி விதிகளில் 94ஆம் விதி டயரின் நிலையையும், 95ஆம் விதி அதன் அளவையும் பற்றியவை. நான்கு சக்கர ஊர்திகளின் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. சேற்றில் பயன்தரும் ஆழம் இதற்கு வெகு முன்னரே தீர்ந்துவிடுகிறது. எனவே சட்டப்படி தகுதியுள்ள டயர் சேற்றுப் பாதைக்குத் தகுதியற்றதாக இருக்கக்கூடும். உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக ஊர்தியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. டயர்களின் உருளல் தடை, ஈரப்பிடிமானம், இரைச்சல் ஆகியவற்றுக்கான தரங்கள் 2022 சூனில் அறிவிக்கப்பட்டன.

மாவட்டத்தின் காடுகள் 2008இல் கன்னியாகுமரி காட்டுயிர் உய்விடமாக அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, உரிய அனுமதியின்றி அங்கு ஊர்தியுடன் நுழைய இயலாது.

பிற வகைகளுடன் ஒப்பீடு

எச்/டி எனப்படும் நெடுஞ்சாலை டயர் தாரில் அமைதியாகவும் பிடிமானத்துடனும் ஓடும். சேற்றில் விரைவில் அடைபடும். ஏ/டி எனப்படும் அனைத்துநில டயர் இடைப்பட்டது. சரளையிட்ட தோட்டப்பாதைக்கும் தார்ச்சாலைக்கும் பெரும்பாலும் போதுமானது. சரளையிடப்படாத செங்குத்தான செம்மண் பாதையை மழையில் நாள்தோறும் ஏறியிறங்கும் ஊர்திகளுக்கே சேற்றுநில டயர் உண்மையான பயன் தருகிறது. அத்தகைய ஊர்திகளும் தார்ச்சாலையை அடைந்தபின் வேகத்தைக் குறைத்தும், முன்செல்லும் ஊர்தியிடமிருந்து கூடுதல் இடைவெளி விட்டும் செல்ல வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

* டயர்
* இயற்கை ரப்பர்
* நான்கு சக்கர இயக்கம்
* அரசு ரப்பர் கழகம்
* நாஞ்சில் நாடு